பனிநாட்டு அடுக்களைகள் – 6: பீப்பாய்கள் நிரப்பிய பானை

கியூபெக் பண்ணைவீடுகளில் பன்றியும் பட்டாணியும் மேப்பிள் பாகும் வீட்டு நிலத்திலிருந்தே அடுக்களைக்கு வந்து சேர்ந்த விதத்தைச் சென்ற இதழ் விவரித்தது. அங்கிருந்து கிழக்கே, அட்லாண்டிக் கடலுக்குள் பாறைத்திட்டாக நீண்டிருக்கும் நியூஃபவுண்ட்லாந்து தீவின் சமையலோ இதற்கு நேர்மாறான அடிப்படையில் வளர்ந்தது. அத்தீவினர் தம் கையால் பிடித்ததில் பெரும்பகுதியை விற்றார்கள், தாம் விளைவிக்காததையே பெரும்பாலும் உண்டார்கள். 1949 மார்ச் 31 அன்றுதான் கனடாவோடு இணைந்த இத்தீவு இன்று தன் அடையாளமாகப் போற்றும் வீட்டு உணவுகள் அந்தப் பழைய கொடுக்கல் வாங்கலின் தடயங்களாகவே எஞ்சியிருக்கின்றன.

அங்கே அடைமொழியின்றி 'மீன்' என்று சொன்னால் அது காட் என்னும் குளிர்கடல் மீனை மட்டுமே குறிக்கும். 16ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பியக் கப்பல்களை ஈர்த்துவந்த இம்மீன், தலை நீக்கிப் பிளந்து, நடுமுள்ளை எடுத்து, உப்பிட்டு, 'ஃபிளேக்' எனப்படும் மரக்கழிப் பரண்களில் உலர்த்தப்பட்டுக் கருவாடாயிற்று. கடும் வெயிலில் கெடாமலும் மழையில் நனையாமலும் அதைப் புரட்டியும் மூடியும் காக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள், சிறுவர்களின் மேல் விழுந்தது. காய்ந்த மீனை 'கல்லர்' என்னும் மதிப்பீட்டாளர் தரம் பிரித்தபின், உயர்ந்தவை போர்ச்சுகல், ஸ்பெயின், இத்தாலிச் சந்தைகளுக்குச் சென்றன; கடைத்தரம் 'வெஸ்ட் இந்தியா' என்ற பெயரிலேயே கரீபியன் கரும்புத் தோட்டங்களில் அடிமைப்பட்டிருந்த ஆப்பிரிக்கர்களின் உணவாக அனுப்பப்பட்டது. அத்தோட்டங்களில் சர்க்கரை காய்ச்சும்போது படிகமாகாமல் எஞ்சும் கரும்பாகு, அதாவது மொலாசஸ், ரம் மதுவுடன் திரும்பு கப்பல்களில் வந்து தீவு வீடுகளின் அன்றாட இனிப்பாயிற்று. ரொட்டிக்குப் பிசைந்த மாவில் ஒரு பிடி எடுத்துத் தட்டிப் பன்றிக்கொழுப்பில் பொரித்து, மேலே இந்தப் பாகை ஊற்றி உண்ணும் 'டூட்டன்' என்ற காலை உணவும், ஜமைக்காவின் தேசிய உணவாகிய அக்கீ-கருவாடும் ஒரே வணிகப் பாதையின் இரு முனைகளில் பிறந்தவை.

இந்த வணிகத்தில் மீனவரின் கையில் காசு அரிதாகவே புரண்டது. வணிகர் வசந்த காலத்தில் உப்பு, வலை, மாவு, தேயிலை, மொலாசஸ், உப்பிட்ட இறைச்சி ஆகியவற்றைப் பற்று எழுதிக் கொடுத்து, இலையுதிர் காலத்தில் கருவாட்டுக்குத் தாமே விலை வைத்து வரவு எழுதிக்கொள்ளும் ஏற்பாடு 'ட்ரக் முறை' எனப்பட்டது. வரவு பற்றை எட்டாத ஆண்டில் குடும்பம் கடனோடு குளிர்காலத்துக்குள் நுழைந்தது. மெலிந்த மண்ணுக்குக் கேப்லின் என்னும் சிறுமீனை உரமாக இட்டு விளைவித்த உருளைக்கிழங்கு, கேரட், டர்னிப், முட்டைக்கோஸ் ஆகியவை மண்மேட்டைக் குடைந்து கட்டிய நிலவறைகளில் உறையாமல் காக்கப்பட்டன. ஆகவே கடைக்காரரின் பீப்பாயும் வீட்டு நிலவறையுமே குளிர்காலச் சமையல் முழுவதையும் தீர்மானித்தன.

இவ்விரண்டும் ஒரே பானையில் கூடும் உணவுதான் 'ஜிக்ஸ் டின்னர்' எனப்படும் ஞாயிறு மதிய விருந்து. உப்பிட்ட மாட்டிறைச்சியை முதல்நாள் இரவே ஊறவைத்து உப்பை இறக்கி, மறுநாள் காலை புதுநீரில் நீண்ட நேரம் வேகவிட்டு, மஞ்சள் பட்டாணிப் பருப்பைத் துணிப்பையில் தளர்வாகக் கட்டி அதே நீரில் தொங்கவிடுவர். டர்னிப், கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு ஆகியவை வேகும் நேரத்துக்கேற்ப ஒன்றன்பின் ஒன்றாகப் பானையில் இறங்கும். வெந்த பருப்பைப் பையிலிருந்து கொட்டி வெண்ணெயும் மிளகும் சேர்த்து மசித்தால் 'பீஸ் புட்டிங்'. மாவும் உலர்திராட்சையும் மொலாசஸும் கலந்து மற்றொரு துணிப்பையில் வேகவைப்பது 'ஃபிகி டஃப்'. பெயரில் அத்திப்பழம் இருந்தாலும், தீவின் வழக்கில் 'ஃபிக்' என்பது உலர்திராட்சையையே குறிக்கும். தனியே உப்பும் மசாலாவும் வேண்டாதபடி இறைச்சியின் உப்பே எல்லாவற்றுக்கும் சுவையூட்டுகிறது. மீந்த காய்கள் திங்கட்கிழமை வாணலியில் வறுபட்டு மீண்டும் உணவாகின்றன. இவ்வளவு பழமையான சமையலின் பெயர் மட்டும் புதியது: ஜார்ஜ் மெக்மானஸ் 1913இல் தொடங்கிய அமெரிக்கப் படக்கதையில், உப்பிறைச்சியும் முட்டைக்கோஸும் என்றால் உயிரைவிடும் ஜிக்ஸ் என்ற பாத்திரத்திடமிருந்து அது வந்தது.

கப்பலோட்டிகளின் கல்போன்ற பிஸ்கட்டாகிய 'ஹார்ட் பிரெட்' மற்றொரு உணவுக்கு ஆதாரம். அதை இரவு முழுவதும் ஊறவைத்துச் சூடாக்கி வடித்தால் கிடைப்பது 'புரூஸ்'; அதனோடு வேகவைத்து உதிர்த்த கருவாட்டைச் சேர்த்து, உப்பிட்ட பன்றிக்கொழுப்பைச் சிறு துண்டுகளாக முறுவலாக வறுத்த 'ஸ்க்ரன்ச்சன்'களை உருகிய கொழுப்போடு மேலே ஊற்றுவர். செயின்ட் ஜான்ஸ் நகரில் 1924இல் தொடங்கிய ப்யூரிட்டி ஆலை இந்த ரொட்டியின் பெயரோடு பிரிக்கமுடியாதபடி இணைந்துவிட்டது.

ஆறுதல் தரும் இவ்வுணவுகளுக்குப் பின்னே ஒரு நோயின் வரலாறும் உண்டு. நிலவறை காலியாகும் குளிர்கால இறுதியில் வெள்ளை மாவு ரொட்டி, தேநீர், மொலாசஸ் என்று உணவு சுருங்கிய வீடுகளில், தவிட்டோடு நீங்கிவிடும் தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தின் குறைவால் நரம்புகளையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி தோன்றியது. இதனை ஆராய்ந்து 1930இல் கட்டுரை வெளியிட்ட வாலஸ் எய்க்ராய்ட் என்னும் மருத்துவர், 1935இல் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்று, தீட்டிய பச்சரிசி உண்ணும் ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் அதே நோயை எதிர்கொண்டார். நெல்லை அவித்துக் குத்தும் புழுங்கலரிசியில் அவ்வுயிர்ச்சத்து பெரிதும் தங்குவதை அக்கூடத்தின் ஆய்வுகள் காட்டின. நியூஃபவுண்ட்லாந்தில் 1930களின் பஞ்சநிவாரணத்தில் தவிடு நீங்காத பழுப்பு மாவு வழங்கப்பட்டபோது, அதை வறுமையின் முத்திரையாகக் கருதி மக்கள் வெறுத்தனர். 1944இல் வெள்ளை மாவிலேயே உயிர்ச்சத்து சேர்க்கப்பட்டது. எய்க்ராய்டும் இடம்பெற்ற 1948 மறு ஆய்வுக் குழு, குறைபாட்டின் அறிகுறிகள் வெகுவாகக் குறைந்திருப்பதைப் பதிவு செய்தது. வழக்கமான ரொட்டியைக் கைவிடச் சொல்லாமல் அதன் உள்ளடக்கத்தைத் திருத்தியதே இந்நடவடிக்கையின் நுட்பம்.

மிகைப்பிடிப்பால் காட் இனம் அருகிப்போக, 1992 ஜூலை 2 அன்று கனடாவின் மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி வணிகப் பிடிப்புக்குத் தடை அறிவித்ததில் ஏறத்தாழ 30,000 பேர் வேலையிழந்தனர்; வடபகுதிக் காட் வணிகப் பிடிப்பு மீதான அத்தடை 2024இல்தான் முறைப்படி நீக்கப்பட்டது. கப்பலில் வந்த உப்பிறைச்சியும் கடினரொட்டியும் கடைகளில் தடையின்றிக் கிடைக்க, வாசலில் கிடைத்த மீனே அரிதாகிப்போனது. இன்று குறிப்பிட்ட நாள்களில் மட்டும் அனுமதிக்கப்படும் 'ஃபுட் ஃபிஷரி' என்னும் வீட்டுத்தேவைப் பிடிப்பில் ஒருவர் நாளொன்றுக்கு 5 மீன் பிடிக்கலாம். அவற்றை விற்பது குற்றம். விற்பதற்கென்றே பிடித்து, விலையாகாததை உண்ட தீவில், தரம் பிரிப்பவரும் பற்றேடும் இல்லாமல் படகிலிருந்து நேரே பானைக்குச் செல்லும் மீன் சட்டத்தின் கட்டளையால்தான் சாத்தியமாயிற்று.

(தொடரும்)