பழைய வண்டி, புது ஓட்டம் – 9: முன் ஃபோர்க்

ஆர்.எக்ஸ். 100 வைத்திருப்பவரிடம் சைலன்சரைப் பற்றிக் கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவார். ஃபோர்க் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். 1985-ல் வந்து 1996-ல் தயாரிப்பு நின்றுபோன வண்டி அது. போன வாரம் இன்ஜினைச் சரிசெய்து 11 குதிரைத்திறனையும் மீட்டாயிற்று. முன்சக்கரம் ரோட்டைப் பிடிக்காவிட்டால் அந்தத் திறனே ஆபத்து.

பைப் கீழ் கிளாம்பில் இறுகியிருக்கும்போதே மேல்மூடியைச் சற்று தளர்த்திவிடுங்கள். வெளியே எடுத்த பிறகு முயன்றால் மூடியோடு பைப்பும் சேர்ந்து சுற்றும். உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது, முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். கவிழ்த்தால் மீன் வாடையோடு சாம்பல் நிறத்தில் ஒரு குழம்பு வழியும். தேய்ந்த உலோகத்தூள் கலந்த பழைய ஆயில்தான் அது.

பைப்பைத் துடைத்து, சீல் ஏறி இறங்கும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் அங்கே குரோம் அரித்திருக்கிறது. குண்டூசி முனையளவுப் புள்ளிதான். ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் அது சீலின் விளிம்பை அறுக்கும். "போன மாசம்தான் சீல் மாத்தினேன், மறுபடி ஒழுகுது" என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடத்தை. பழைய குரோமை உரித்து, ஹார்ட் குரோம் ஏற்றி, அசல் அளவுக்கே கிரைண்டிங் செய்துதரும் பட்டறைகள் உண்டு. மலிவு விலைப் புதுப் பைப்பைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை. பெண்ட் இருக்கிறதா என்று லேத்காரரிடம் டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். லேசான வளைவை பிரஸ்ஸில் நிமிர்த்தலாம். மடிப்பு விழுந்த பைப்பைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பிரேக் பிடித்தால் மூக்கு குத்துகிறது என்று கெட்டி ஆயில் ஊற்றுபவர்கள் நிறைய. இந்த வகை ஃபோர்க்கில் ஆயில் சிறு துளைகள் வழியே பிதுங்கித்தான் ஆட்டத்தை அடக்குகிறது. அடியின் வேகம் இரு மடங்கானால் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். கெட்டி ஆயிலில் மூக்கு குத்துவது சற்றுக் குறையும், பள்ளத்தில் விழுந்தால் மணிக்கட்டு கழன்றுபோகும். தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றுவதே சரியான வழி. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் முன்பக்கம் மொத்த அசைவில் கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இறங்கினால் போதும். டப்பாவில் 10 டபிள்யூ என்று இருப்பதை மட்டும் நம்பாதீர்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் என்பதைப் பார்த்து வாங்குங்கள். ஊற்றியதும் ஸ்பிரிங் போடாமல், பைப்பை முழுக்க அமுக்கிவைத்து, விளிம்பிலிருந்து ஆயில் மட்டம் வரை அளந்து இரண்டு பக்கமும் சமமாக்குங்கள்.

வேறு வண்டியின் டிஸ்க் பிரேக் ஃபோர்க்கைக் கொண்டுவந்து மாட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். நீளமும் கிளாம்பின் அமைப்பும் மாறினால் ஹேண்டிலின் குணமே மாறும். குட்டையான ஃபோர்க் போட்ட வண்டி வேகத்தில் அலைபாயும். அளவெடுத்துக் கணக்குப் போடத் தெரிந்த மெக்கானிக் இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

மாட்டும்போது ஆக்ஸில் நட்டை இறுக்கிய கையோடு கீழ் கிளாம்பை இறுக்கிவிடக் கூடாது. முன்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கி எழுப்புங்கள். இரண்டு பைப்பும் தாமாக நேருக்கு வரும், பிறகு இறுக்குங்கள். அடுத்த வாரம் கோன் செட்.

(தொடரும்)