பனிநாயின் நாக்கு

கொழும்பிலிருந்து வேனில் ஒரு ஹஸ்கிக் குட்டி வந்து இறங்கினால் லயமே கூடிவிடும். நீலக் கண், ஓநாய் முகம், பஞ்சுப்பொதி போன்ற உடம்பு. சில மாதம் கழித்து அதே நாயைப் பகல் பதினொரு மணிக்குப் பாருங்கள். பீலியடிச் சீமெந்தில் வயிற்றை ஒட்டிக் கிடக்கும். நாக்கு கரண்டிபோல அகன்று வெளியே தொங்கும். அந்த நாக்கைப் படிக்கத் தெரியாதவர்கள் இந்த நாயை வாங்கக்கூடாது.

ஹஸ்கியும் மலமியூட்டும் பனியில் சறுக்குவண்டி இழுக்க வளர்த்தெடுத்த இனங்கள். 1925-இல் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் பரவியபோது, சுமார் 1,085 கிலோமீற்றர் பனிவழியை இருபது நாய்க்குழுக்கள் மாறிமாறி ஓடி, ஐந்தரை நாளில் மருந்தைச் சேர்த்தன. அந்த ஓட்டக்குணமும் இரட்டை அடுக்கு மயிரும் குட்டியோடு சேர்ந்தே உங்கள் வீட்டுக்கு வருகின்றன.

புழுக்கம்தான் முதல் ஆபத்து

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை. இளைத்து, நாக்கின் ஈரத்தைக் காற்றில் காயவைத்தே அது சூட்டை இறக்குகிறது. காற்றே ஈரமாக இருந்தால் நாக்கு எப்படிக் காயும்? "நாங்கள் மலையில்தானே இருக்கிறோம்" என்று நினைக்காதீர்கள். நம் ஊர் அரநாயக்க மலைநாடுதான், ஆனால் நுவரெலியா அல்ல. மழை விட்டதும் வெயில் ஏறும் நேரம்தான் இங்கே மோசம்.

தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, அங்குள்ள தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பட்டியலிட்ட இனங்களில் சைபீரிய ஹஸ்கியும் அலாஸ்கன் மலமியூட்டும் உண்டு.

நாயின் இயல்பான சூடு 38 முதல் 39 பாகை செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. தள்ளாட்டம், வாந்தி, கருஞ்சிவப்பான ஈறு ஆகியவை அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், வயிற்றிலும் தொடையிடுக்கிலும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். வாயில் தண்ணீரைத் திணிக்காதீர்கள். பனடோல் கொடுக்கவே வேண்டாம். தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் போங்கள். பெரிய சிகிச்சைக்கு மாவனல்லை, கடுகண்ணாவ வழியாகப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குத்தான் போகவேண்டும். வாகன ஏற்பாட்டை முன்பே பேசி வையுங்கள்.

அன்றாடம்

நடை விடியலிலும் இருட்டிய பிறகும் மட்டும். மயிரை மழிக்காதீர்கள், அது வெயிலையும் தடுக்கிறது; உதிரும் மயிரைச் சீவி எடுத்தால் போதும். தேயிலைக்குள் போய்வந்தால் காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப்பட்டிக்கு அடியில் உண்ணி பாருங்கள், அது காய்ச்சலைப் பரப்பும். மண்ணெண்ணெய் பூசாதீர்கள். எலிக்காய்ச்சல் அதிகமுள்ள பகுதி இது. அதற்கு நாய்க்குத் தடுப்பூசி உண்டு, கேட்டுப் போடுங்கள். வெங்காயம் போட்ட கறியைச் சோற்றில் ஊற்றாதீர்கள், நாய்க்கு அது நஞ்சு.

சட்டம் என்ன சொல்கிறது?

நாயைப் பதிவதும் விசர்நாய்த் தடுப்பூசி போடுவதும் கட்டாயம். பதிவுக்குப் பிரதேச சபையையும், ஊசி போடும் நாளுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் கேளுங்கள். தோட்டக் குடியிருப்பில் இருப்பவர்கள் நிர்வாகத்திடமும் முதலில் பேசிக்கொள்வது நல்லது.

உங்கள் நாய் ஒருவரைக் கடித்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அரச வைத்தியசாலைக்கு அழைத்துப் போங்கள். சிகிச்சை இலவசம். நாயை அடித்துக் கொல்லாமல் 14 நாள் கட்டிவைத்துக் கவனியுங்கள். ஹஸ்கி குரைப்பதைவிட ஊளையிடுவதே அதிகம். அதனால் அடுத்த வீட்டோடு மனத்தாங்கல் வந்தால் மத்தியஸ்த சபையில் பேசித் தீர்க்கலாம்.

நாயைப் பட்டினி போட்டு, வெயிலில் கட்டிப்போடுவதைக் கண்டால் பொலிஸில் முறையிடலாம். 1907-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் அதில் எழுதியுள்ள உச்ச அபராதம் நூறு ரூபாய். இன்று அந்தக் காசு யாரையும் பயமுறுத்தாது. ஆகவே நாயின் காவல் வளர்ப்பவரின் கையில்தான்.

2016 மே 17-இன் மண்சரிவை அரநாயக்க மறக்காது. மண்சரிவு எச்சரிக்கை வந்து வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாயைக் கூட்டிப்போக முடியாவிட்டால், சங்கிலியையாவது அவிழ்த்துவிடுங்கள். அவசர உதவிக்கு அழைக்க வேண்டிய இலக்கம் 117.

வாங்கும் முன்

பகல் முழுக்க நிழல் உண்டா? வறட்சியிலும் தண்ணீர் உண்டா? தாண்டவும் தோண்டவும் முடியாத வேலி உண்டா? வைத்தியச் செலவைத் தாங்குமா சம்பளம்? ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் ஹஸ்கி வேண்டாம். லயத்து வாசலில் நாட்டு நாய்க்குட்டி ஒன்று திரியும். அதற்கும் ஊசி, சோறு, நிழல் வேண்டும்தான். ஆனால் அதன் நாக்கு இந்த ஊர்க் காற்றுக்குப் பழகியது.