விராலுக்கு ஒரு ரப்பர் தவளை போதும்

வானொலியில் பணி இல்லாத காலைகளில் நெகிரி செம்பிலான், பகாவ் பக்கத்துத் தோட்டக் குளங்களில் தூண்டிலோடு நிற்பேன். "எந்தப் போலி இரை வாங்கலாம்?" என்று நேயர்கள் கேட்பதுண்டு.

மூன்று முனை முள் தொங்கும் மீன் பொம்மைகள் வேண்டாம். கரையிலிருந்து வீசினால் புல்லிலோ, விழுந்து கிடக்கும் செம்பனை மட்டையிலோ சிக்கும். நரம்பு அறுந்தால் காசும் தண்ணீரோடு போகும்.

புண் ஆற நம் வீடுகளில் சமைக்கும் ஹாருவான், அதாவது விராலுக்கு, 10 வெள்ளி அளவில் கிடைக்கும் ரப்பர் தவளை போதும். அதன் இரு முட்களும் முதுகோடு ஒட்டியிருப்பதால் எளிதில் சிக்காது. வாங்கும்போது விரலால் அழுத்திப் பாருங்கள்; ரப்பர் அமுங்கி முள் வெளியே தெரிய வேண்டும். நிறமெல்லாம் அப்புறம்தான்.

விரால் காற்றை விழுங்க மேலே வரும். அந்த இடத்தைத் தாண்டி வீசி, மெல்ல இழுங்கள். கவ்வியதும் ஒரு நொடி பொறுத்துச் சுண்டுங்கள்.

செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மிதந்தால் மட்டும் அங்கே வீசாதீர்கள். அடியில் தாயோ தகப்பனோ காவல் இருக்கும். குஞ்சுகளைக் காக்கவே தவளை மீது பாயும். அதைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். அடுத்த ஆண்டும் நம் பிள்ளைகள் பிடிக்கக் குளத்தில் விரால் இருக்க வேண்டுமே!