கையில் ஒரு வெட்டு



சில ஆண்டுகளுக்கு முன் களமருதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்திருந்தார். நடவு, களையெடுப்பு என்று கூலி வேலைக்குப் போகிறவர். இடது கைச் சுட்டுவிரல் நேராக நீட்டியபடியே நின்றது, மடங்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்டோம். மூன்று வாரங்களுக்கு முன் அரிவாள்மனையில் பூசணிக்காய் அரியும்போது கை வழுக்கி, விரலின் உட்புறத்தில் வெட்டுப்பட்டதாம். காப்பித்தூளை அப்பித் துணியால் கட்டியிருக்கிறார். ரத்தம் நின்றது, புண்ணும் ஆறியது, விரல் மட்டும் மடங்கவில்லை. "சின்னக் காயந்தானேன்னு விட்டுட்டேன் ஐயா" என்றார்.

தோல் ஆறிவிட்டது, உள்ளே அறுந்த நாண் ஆறவில்லை. "அன்றைக்கே வந்திருந்தால் தைத்திருக்கலாம். இப்போது அறுந்த முனைகள் விலகிப் போய்விட்டன. பெரிய அறுவை சிகிச்சையும் மாதக்கணக்கில் பயிற்சியும் தேவைப்படும்" என்றார் மருத்துவர். நாற்றைப் பிடிக்கும் கைக்கு மாதக்கணக்கில் ஓய்வு என்றால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? அன்று அவர் அருகில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் மனதில் எழுந்த பாரமே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

கையின் காயம் ஏன் வேறு?

தொடையிலோ தோளிலோ கத்தி பட்டால் தடுக்கச் சதை இருக்கிறது. விரலில் அப்படி இல்லை. மெல்லிய தோலுக்கும் சிறிது கொழுப்புக்கும் கீழே, விரலை மடக்கும் நாண்கள் ஓடுகின்றன. அவற்றின் இரு பக்கங்களிலும் உணர்ச்சி நரம்புகளும் ரத்தக் குழாய்களும் செல்கின்றன. விரலை மடக்கும் முக்கியத் தசைகள் முன்னங்கையில் இருக்கின்றன. நாண் அறுந்தால் தசை அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நாள் ஆக ஆக முனைகளைச் சேர்ப்பது கடினமாகிறது. ஆகவே வெளியில் அரை அங்குல வெட்டுத்தான் தெரிந்தாலும், உள்ளே ஒரு விரலின் உழைப்பே அறுந்திருக்கலாம்.

வேலூர் கற்றுத்தந்த பாடம்

கையின் அருமையை உலகுக்கு எடுத்துக்காட்டிய ஒருவர் நம் மலைநாட்டில் பிறந்தவர். டாக்டர் பால் பிராண்ட், கொல்லிமலையில் ஊழியம் செய்த ஜெசி, ஈவ்லின் தம்பதியரின் மகனாக 1914-ல் பிறந்தார். தாயார் ஈவ்லின் அம்மையார் முதிர்ந்த வயதிலும் கொல்லிமலையைக் கடந்து நம் கல்வராயன் மலைவரை ஏறி இறங்கி ஊழியம் செய்து, 1974-ல் காலமானார். மகன் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளைக் கண்டு மனம் உருகி, வேலை செய்யும் நாணை எடுத்துச் செயலிழந்த விரலுக்கு மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சையை அந்த நோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கினார்.

ஒருமுறை துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் அவர் திணறியபோது, தொழுநோயுள்ள ஒரு சிறுவன் சாவியை வாங்கி எளிதாகத் திருகிவிட்டான். அவன் விரலிலிருந்து ரத்தம் சொட்டியது. பார்த்தால், எலும்பு தெரியும் அளவுக்குச் சாவி வெட்டியிருந்தது. சிறுவனுக்கோ ஒன்றும் தெரியவில்லை! தொழுநோய் நேராக விரலைத் தின்பதில்லை என்பதும், உணர்ச்சி நரம்பு செத்தபின் தெரியாமல் படும் வெட்டுகளும் சூட்டுக் காயங்களும், அவற்றில் வரும் சீழுமே விரல்களை அழிக்கின்றன என்பதும் அவருக்குத் தெளிவாயின. நாள்தோறும் கைகளைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கும்படி தம் நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். வலியைத் தேவன் தந்த ஈவு என்றே அவர் சொல்லிவந்தார்.

வலிக்கிற கை நம்மிடம் பேசுகிற கை. அது பேசும்போது காப்பித்தூளால் வாயை அடைத்துவிடக் கூடாது.

உடனே செய்ய வேண்டியது

நல்ல சமாரியன் காயத்தைச் சுத்தம் செய்தான், கட்டினான், பிறகு பராமரிக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். முதலுதவி முழுவதும் இதற்குள் இருக்கிறது.

1. துவைத்துக் காய்ந்த சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்து நன்றாக அழுத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். "நின்றுவிட்டதா?" என்று இடையிடையே எடுத்துப் பார்த்தால், உறைந்த ரத்தம் பெயர்ந்து மறுபடியும் வடியும். துணி நனைந்தால் அதன்மேல் இன்னொரு துணி வையுங்கள்.

2. கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். மோதிரம், வளையல் இருந்தால் உடனே கழற்றிவிடுங்கள். வீங்கியபின் கழற்ற முடியாது.

3. சிறு காயமானால், ரத்தம் நின்றபின் குழாய்த் தண்ணீரிலோ கொதித்து ஆறிய தண்ணீரிலோ சில நிமிடம் நன்றாகக் கழுவுங்கள். சுற்றியுள்ள தோலுக்குச் சோப்புப் போடலாம். பிறகு சுத்தமான துணியால் கட்டுங்கள். விரல் நுனி நீலம் பாய்ந்தால் கட்டு இறுக்கம் என்று அறிந்து தளர்த்துங்கள்.

4. கண்ணாடித் துண்டோ கத்தி முனையோ ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். அதைச் சுற்றித் துணி வைத்துக் கட்டி ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

5. மணிக்கட்டில் கயிறு கட்டி இறுக்க வேண்டாம். சமையலறை வெட்டு பெரும்பாலும் அழுத்தத்துக்கே அடங்கிவிடும்.

காப்பித்தூள், சுண்ணாம்பு, சாம்பல், புகையிலை, மண்ணெண்ணெய், ஒட்டடை ஆகிய இவை எதுவும் வேண்டாம். மஞ்சளின்மேல் எங்களுக்குக் கோபமில்லை, குழம்பில் அது நல்லது. ஆனால் டப்பாவிலிருந்து எடுக்கும் தூள் கிருமி நீக்கியதல்ல. காயத்தின் ஆழத்தையும் அது மறைத்துவிடும். அதைச் சுரண்டிக் கழுவும்போது நோயாளி படும் வேதனையை எங்கள் செவிலியர் நன்கு அறிவார்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை

ரத்தம் நின்றபின் இதை மறக்காமல் செய்யுங்கள். காயம்பட்ட விரலின் நுனி மூட்டைத் தனியாகவும், நடு மூட்டைத் தனியாகவும் மடக்கி நீட்டச் சொல்லுங்கள். அடுத்து, கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனியின் இரு பக்கங்களையும் பஞ்சால் தொட்டு, மறு கையைப் போலவே உணர்ச்சி இருக்கிறதா என்று கேளுங்கள். மடங்காவிட்டாலோ மரத்திருந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். விரல் மடங்கினாலும் காயம் ஆழமானால் காட்டுவதே நல்லது. பாதி அறுந்த நாணும் மடங்கும், பிறகு வேலை செய்யும்போது முழுவதும் அறுந்துபோகும்.

10 நிமிடம் அழுத்தியும் நில்லாத ரத்தம், பீறிட்டு வரும் ரத்தம், வாய் பிளந்த காயம், மூட்டின்மேல் பட்ட வெட்டு, மீன் அல்லது இறைச்சி அரிந்த கத்தியாலோ மண் படிந்த அரிவாளாலோ பட்ட ஆழ்காயம், இவற்றுக்கும் மருத்துவர் வேண்டும். ரணஜன்னித் தடுப்பூசியைப் பற்றியும் கேளுங்கள். கடைசி ஊசி போட்டு, சுத்தமான சிறு காயமானால் 10 ஆண்டும், அழுக்கான காயமானால் 5 ஆண்டும் கடந்திருந்தால் மறுபடியும் போட வேண்டும்.

அடுத்த நாட்களில் வீக்கம், சீழ், காய்ச்சல், கைமேல் ஏறும் சிவப்புக் கோடு தோன்றினால் காத்திருக்க வேண்டாம். விரல் முழுவதும் வீங்கி, மடங்கியபடி நின்று, நீட்டினால் உயிர் போகும் வலி என்றால் அது அவசரம்.

விரல் துண்டாகிவிட்டால் நம்பிக்கை இழக்காதீர்கள். துண்டைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். துண்டு நேராக ஐஸிலோ தண்ணீரிலோ படக் கூடாது. 108-ஐ அழையுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் கோவை கங்கா மருத்துவமனையிலும் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவுகள் உள்ளன.

வராமல் காக்க

மழுங்கிய கத்திதான் அதிகம் வெட்டும். அதை அழுத்தித் தள்ளுகிறோம், அது வழுக்குகிறது. பூசணி, கருணைக்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு போன்ற கெட்டியானவற்றை முதலில் பாதியாக்கி, தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி வைத்து நறுக்குங்கள். தேங்காயை உள்ளங்கையில் ஏந்தி அரிவாளால் உடைக்காதீர்கள். பலாப்பழம் அரியக் கையில் எண்ணெய் தடவினால், கத்திப் பிடியைத் துடைத்துவிட்டுப் பிடியுங்கள். கீழே விழும் கத்தியைப் பிடிக்கப் பாயாதீர்கள், விழ விடுங்கள். கழுவும் பாத்திரங்களுக்குள் கத்தியை ஒளித்துவைக்காதீர்கள். வேலை முடிந்ததும் அரிவாள்மனையைச் சுவரோரம் திருப்பிவையுங்கள், தவழும் பிள்ளைகள் உள்ள வீட்டில் உயரத்தில் வையுங்கள்.

வீட்டில் நீண்டகாலச் சர்க்கரை நோயாளியோ தொழுநோயிலிருந்து குணமானவரோ இருந்தால், இரவில் ஒரு முறை அவர்களுடைய கைகளையும் பாதங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். அவர்களுக்கு வலி சொல்லாததை உங்கள் கண் சொல்ல வேண்டும்.

அந்தச் சகோதரிக்கு மேல்சிகிச்சை கிடைத்தது. விரல் முக்கால் பங்கு மடங்குகிறது. மறுமுறை வந்தபோது, "எங்க தெருவுல யாருக்குக் கை வெட்டுப்பட்டாலும் நான்தான் போய் விரலை மடக்கச் சொல்லிப் பார்க்கிறேன் ஐயா" என்றார். அந்தத் தெருவுக்கு அவரே முதலுதவியாளர் ஆகிவிட்டார். உங்கள் சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஒருவர் இதைச் சத்தமாக வாசித்து, மற்றவர்கள் தங்கள் விரல்களை மடக்கிப் பார்த்தால், உங்கள் ஊரிலும் சிலருடைய கைகள் காக்கப்படும்.