வீட்டு ஸ்டூடியோ ஸ்பீக்கருக்கு எந்த ஆம்ப்ளிஃபையர்? சந்தேகங்களும் விளக்கங்களும்

திருச்சி காந்தி மார்க்கெட்டை ஒட்டிய தாராநல்லூர், வரகனேரி, பாலக்கரைத் தெருக்களிலும், காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்திலும் மாடி அறையை ஸ்டூடியோவாக மாற்றிப் பக்திப் பாடல், குறும்பட இசை, யூடியூப் நிகழ்ச்சி என்று ஒலிப்பதிவு செய்யும் இளைஞர்கள் இருக்கிறார்கள். மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கும்வரை தெளிவாக இருப்பவர்கள் ஆம்ப்ளிஃபையருக்கு வரும்போது தடுமாறிப்போகிறார்கள். கடைக்காரர் ஒரு வாட்ஸ் கணக்குச் சொல்கிறார், மைக்செட் வைத்திருக்கும் அண்ணன் வேறொன்று சொல்கிறார். வீட்டில் இதெல்லாம் சரிப்படாது என்று சிலர் ஆரம்பத்திலேயே சோர்ந்தும் விடுகிறார்கள். ஏ.ஆர்.ரஹ்மான் 1989-ல் சென்னை கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டித்தான் ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’ ஸ்டூடியோவைத் தொடங்கினார்; 1992-ல் வந்த ‘ரோஜா’வின் பாடல்கள் அங்கே உருவானவை. ஆகவே வீடு தடையல்ல. கைக்காசைத் தவறான பெட்டியில் போட்டுவிடக் கூடாது என்பதே கவலை. அடிக்கடி எழும் சந்தேகங்களை இங்கே எடுத்துக்கொள்வோம்.

சந்தேகம்: ஸ்டூடியோ மானிட்டர் வாங்கப் போகிறேன் சார். கூடவே ஆம்ப்ளிஃபையரும் வாங்கியே ஆக வேண்டுமா?

விளக்கம்: ஸ்பீக்கரின் பின்பக்கத்தைப் பாருங்கள். கரண்ட் ஒயர் செருகும் இடமும் ஆன்-ஆஃப் சுவிட்சும் இருந்தால் ஆம்ப் உள்ளேயே இருக்கிறது. யமஹா எச்எஸ்5, ஜேபிஎல் 305பி போன்றவையும், கொல்கத்தாவைச் சேர்ந்த சோனோடைன் நிறுவனத்தின் ஆக்டிவ் மானிட்டர்களும் இந்த வகை. எச்எஸ்5-ல் வூஃபருக்கு 45 வாட்ஸ், ட்வீட்டருக்கு 25 வாட்ஸ் என இரண்டு ஆம்ப் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். இவற்றுக்கு நேராக இன்டர்ஃபேஸிலிருந்து கேபிள் போட்டால் போதும். வெளி ஆம்பின் ஸ்பீக்கர் அவுட்டை இவற்றின் இன்புட்டில் கொடுத்தால் உள்ளே இருக்கும் சர்க்யூட் கெட்டுப்போகும்.

சிவப்பு, கறுப்பு டெர்மினல்கள் மட்டும் இருந்தால் அது பாஸிவ் ஸ்பீக்கர். அதற்கு ஆம்ப் வேண்டும். முதன்முதலாக வாங்குகிறவர்கள் ஆக்டிவ் மானிட்டரையே வாங்கலாம் என்பது என் கருத்து. ஸ்பீக்கருக்குப் பொருத்தமான ஆம்பைத் தயாரிப்பாளரே அளந்து வைத்துவிட்டதால் கீழே வரும் கணக்கு எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது. நல்ல பாஸிவ் ஸ்பீக்கர் ஏற்கெனவே கைவசம் இருப்பவர்களுக்குத்தான் மேற்கொண்டு சொல்லப்போவது எல்லாம்.

சந்தேகம்: பத்துக்குப் பத்து அறைக்கு எத்தனை வாட்ஸ் வேண்டும்? 500 வாட்ஸுக்குக் குறைந்து வாங்காதே என்கிறார்கள்.

விளக்கம்: கணக்குப் போட்டே பார்க்கலாம். ஸ்பீக்கரின் விவரத்தாளில் ‘87 டெசிபல், 1 வாட், 1 மீட்டர்’ என்பதுபோல் ஒரு வரி இருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 87 டெசிபல் கேட்கும் என்று அர்த்தம். மேசைக்கு முன்னால் உட்கார்ந்து மிக்ஸிங் செய்பவருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே நாலடி, அதாவது சுமார் 1.2 மீட்டர் இருக்கும். இந்தத் தூரத்தால் ஒன்றரை டெசிபல் குறைகிறது. இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து ஒலிப்பதால் மூன்று டெசிபல் கூடுகிறது. ஸ்பீக்கருக்கு ஒரு வாட் வீதம் கொடுத்தாலே உங்கள் காதில் 88 டெசிபலுக்குச் சற்று மேல் விழுகிறது.

சின்ன அறையில் மணிக்கணக்காக மிக்ஸிங் செய்ய 75 முதல் 80 டெசிபல் போதும். 80 டெசிபலுக்கு எவ்வளவு மின்சக்தி செலவாகிறது தெரியுமா? ஒரு வாட்டில் ஏழில் ஒரு பங்கு!

அப்படியானால் ஒரு வாட் ஆம்ப் போதுமா என்றால், போதாது. தவிலில் விழும் அடியும் டிரம்ஸின் முதல் தட்டும் சராசரியைவிட 20 டெசிபல்வரை எகிறும். 20 டெசிபல் எகிற வேண்டுமானால் நூறு மடங்கு சக்தி வேண்டும். நம் கணக்கில் அது 15 வாட்ஸுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேலும் நான்கு மடங்கு கையிருப்பு இருக்கட்டும் என்றாலும் 60 வாட்ஸில் நிற்கிறது. எனவே பத்துக்குப் பத்து அறைக்கு, 8 ஓம்ஸில் சேனலுக்கு 50 முதல் 100 வாட்ஸ் ஆர்எம்எஸ் தாராளம்.

வாட்ஸை இரட்டிப்பாக்கினால் சத்தமும் இரட்டிப்பாகும் என்ற எண்ணம்தான் பலரை அதிகம் செலவழிக்க வைக்கிறது. 100 வாட்ஸ் 200 ஆகும்போது கிடைப்பது மூன்று டெசிபல் மட்டுமே. காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். 100 வாட்ஸுக்கும் 150 வாட்ஸுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை மிச்சப்படுத்தி நல்ல ஸ்பீக்கர் ஸ்டாண்ட் வாங்குங்கள்.

சந்தேகம்: உள்ளங்கை அளவு ஆம்பில் ‘2×100 வாட்ஸ்’ என்றும், ஹோம் தியேட்டரில் ‘5000 வாட்ஸ் பிஎம்பிஓ’ என்றும் அச்சிட்டிருக்கிறார்களே, நம்பலாமா?

விளக்கம்: பிஎம்பிஓ என்ற எண்ணுக்குப் பொதுவான அளவுமுறை எதுவும் கிடையாது. ஆர்எம்எஸ் வாட்ஸ் எத்தனை, எத்தனை ஓம்ஸில், எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில் என்று கேளுங்கள். 10 சதவீத டிஸ்டார்ஷனில் அளந்த வாட்ஸ் ஸ்டூடியோ வேலைக்கு உதவாது.

சின்ன ஆம்பை எடைபோட அதன் அடாப்டரே போதும். 12 வோல்ட், 3 ஆம்பியர் என்றிருந்தால் உள்ளே போவதே 36 வாட்ஸ்தான். அதிலிருந்து 200 வாட்ஸ் எப்படி வெளியே வரும்? 12 வோல்ட்டில் ஓடும் ஆம்ப் 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு 9 வாட்ஸ் அளவில்தான் கொடுக்க முடியும். இந்தப் பெட்டிகளில் பரவலாக இருக்கும் டிபிஏ3116 சிப் தரமானதுதான். ஆனால் அது 50 வாட்ஸ் தருவது 21 வோல்ட் சப்ளையில், 4 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு. 24 வோல்ட் அடாப்டரை வாங்கிப் போட்டால் அதே ஆம்ப் வேறு மாதிரி ஒலிக்கும். அதற்கு முன் அந்தப் போர்டு 24 வோல்ட் தாங்குமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

சந்தேகம்: என் ஸ்பீக்கர் 60 வாட்ஸ். 100 வாட்ஸ் ஆம்ப் போட்டால் எரிந்துவிடாதா?

விளக்கம்: பொறுப்பாகக் கையாண்டால் எரியாது. சொல்லப்போனால், 20 வாட்ஸ் ஆம்பை முழு வால்யூமில் கதறவிடுவதுதான் அதிக ஆபத்து. சக்திக்கு மீறி இழுக்கும்போது ஆம்ப் அலையின் தலையை வெட்டிவிடுகிறது. இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். வெட்டுப்பட்ட அலையில் உச்ச சுருதி ஒலிகள் புதிதாக முளைத்து ட்வீட்டருக்குள் போகின்றன; சராசரிச் சக்தியும் ஏறிவிடுகிறது. மெல்லிய ட்வீட்டர் காயில் அதைத் தாங்காது. ஸ்பீக்கரின் வாட்ஸைப் போல ஒன்றரை மடங்கைச் சற்றுத் தாண்டியும் ஆம்ப் இருக்கலாம். சிவப்பு விளக்கு எரியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சந்தேகம்: மைக்செட் தொழிலை விட்ட மாமாவிடம் பழைய அஹுஜா ஆம்ப் சும்மா கிடக்கிறது. அதையே மானிட்டருக்குப் போடலாமா?

விளக்கம்: மாமாவின் ஆம்ப் பந்தலுக்காகச் செய்தது. குழாய் ஸ்பீக்கர்களை வரிசையாகக் கட்டித் தெருக்கோடிவரை பேச்சைத் தெளிவாகக் கொண்டுபோவது அதன் வேலை. அந்த வேலையில் அது கெட்டிக்காரப் பெட்டி. ஆனால் அந்த வகை மிக்ஸர் ஆம்ப் பெரும்பாலும் மோனோ. ஒரு பெட்டியால் இடது, வலது இரண்டையும் தனித்தனியே ஓட்ட முடியாது. பின்னால் 4, 8, 16 ஓம்ஸ் டெர்மினல்களோடு 100 வோல்ட் லைன் என்று ஒன்றும் இருக்கும். நீளமான ஒயரில் பல ஸ்பீக்கர்களை டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இணைக்க அது. தெரியாமல் மானிட்டரை அதில் கொடுத்தால் காயில் கருகிவிடும்.

இரண்டு சேனல் பவர் ஆம்பாக இருந்தால் பயன்படும். அதில் இரண்டு தொல்லைகள் உண்டு. ஃபேன் சத்தம் பந்தலில் யாருக்கும் கேட்காது. நாலடி தூரத்தில் உட்கார்ந்து வீணையின் கமகத்தைத் திருத்துகிறவருக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். மற்றொன்று, இந்த ஆம்ப்களில் கெயின் அதிகம் என்பதால் பாட்டு ஓடாதபோதும் ட்வீட்டரிலிருந்து ‘ஸ்ஸ்’ என்று இரைச்சல் வரும். ஆம்பின் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கி, இன்டர்ஃபேஸின் வால்யூமை ஏற்றி வைத்தால் இது பெருமளவு அடங்கும்.

உள்ளூர் மெக்கானிக் 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடியில் அசெம்பிள் செய்து தரும் ஆம்பைக் குறைவாக எடைபோட வேண்டியதில்லை. நல்ல டிரான்ஸ்ஃபார்மரும், ஸ்பீக்கர் புரொட்டெக்‌ஷன் போர்டும் கட்டாயம் கேளுங்கள். டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் டிசி நேராக ஸ்பீக்கருக்குள் பாயும். அந்த போர்டில் உள்ள ரிலேதான் அப்போது ஸ்பீக்கரைக் காப்பாற்றும்.

சந்தேகம்: செகண்ட் ஹேண்டில் யமஹா என்எஸ்-10எம் ஸ்டூடியோ ஒரு ஜோடி வருகிறது. வாங்கலாமா, எந்த ஆம்ப் போடுவது?

விளக்கம்: கறுப்புப் பெட்டி, வெள்ளைக் கூம்பு, உலகத்தின் பெரிய ஸ்டூடியோக்களின் படங்களில் எல்லாம் மிக்ஸர் மேல் உட்கார்ந்திருக்கும் அதே ஸ்பீக்கர். 1978-ல் வீட்டில் பாட்டுக் கேட்பதற்காக வந்த என்எஸ்-10, அங்கே எடுபடாமல் ஸ்டூடியோக்களில் புகழ் பெற்றது. ஸ்டூடியோவுக்கென்றே திருத்திய வடிவம் 1987-ல் வந்தது. வூஃபர் கூம்புக்கான கூழ் கிடைக்காமல் 2001-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். நடு ஒலிகளை ஈவிரக்கமின்றிக் காட்டும். பாடகரின் குரலில் உள்ள குறை அதில் ஒளியாது. உயர் ஒலி காதைக் குத்துகிறது என்று ட்வீட்டர் மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டிய என்ஜினீயர்கள் பலர். அடி ஒலியை மட்டும் அதில் எதிர்பார்க்காதீர்கள்.

இது 8 ஓம்ஸ், சாதாரணமாக 60 வாட்ஸ், உச்சத்தில் 120 வாட்ஸ் தாங்கும். சேனலுக்கு 75 முதல் 100 வாட்ஸ் சுத்தமாகத் தரும் ஸ்டீரியோ ஆம்ப் போதும். வாங்கும் முன் வூஃபரை இரு பக்கமும் விரலால் சமமாக அழுத்திப் பாருங்கள்; உரசல் கேட்டால் காயில் போய்விட்டது. இரண்டு ட்வீட்டரும் அசல்தானா, ஒன்று மட்டும் மாற்றியதா என்பதையும் கவனியுங்கள். மாற்றிய ட்வீட்டரோடு இடதும் வலதும் ஒருபோதும் ஒத்துப்போகாது.

பழைய ஆம்ப் வாங்குகிறவர்களுக்கும் ஒரு சோதனை: ஸ்பீக்கரை இணைக்காமல் ஆன் செய்து, அவுட்புட் டெர்மினலில் மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வையுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் நின்றால் நல்லது. வோல்ட் கணக்கில் காட்டினால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சந்தேகம்: ஆம்பை ஆன் செய்தாலே ‘உம்’ என்று ஒரு ரீங்காரம். எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் நின்றுவிடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

விளக்கம்: கூடவே கூடாது. ஆம்புக்குள் ஒயர் விலகி உலோகப் பெட்டியைத் தொட்டால், எர்த் இல்லாத நிலையில் 230 வோல்ட் உங்கள் கையில் பாயும். கிடார் கம்பியையும் மைக்கையும் ஒரே நேரத்தில் தொடும் பாடகருக்கு இது உயிர் போகிற விஷயம்.

ரீங்காரத்துக்குக் காரணம் பெரும்பாலும் எர்த் லூப். கம்ப்யூட்டர் ஒரு சுவரிலும் ஆம்ப் இன்னொரு சுவரிலும் கரண்ட் எடுத்தால் இரண்டின் எர்த்துக்கும் சிறு வித்தியாசம் இருக்கும். அது கேபிள் வழியாக 50 ஹெர்ட்ஸ் முனகலாகக் கேட்கிறது. எல்லாவற்றையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் கொடுங்கள். இன்டர்ஃபேஸிலிருந்து ஆம்புக்கு பேலன்ஸ்டு டிஆர்எஸ் அல்லது எக்ஸ்எல்ஆர் கேபிள் போடுங்கள். ஆம்ப் வாங்கும்போதே பேலன்ஸ்டு இன்புட் உள்ளதா என்று பார்ப்பது இதற்காகத்தான். பழைய வீடுகளில் எர்த் பாயின்ட் பெயருக்கு இருக்கும். எலக்ட்ரீஷியனை அழைத்து அதை முதலில் சரி செய்யுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ‘கிர்ர்’ என்றால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டரில் அந்தச் சத்தம் வராது.

சந்தேகம்: ஸ்பீக்கர் ஒயருக்குத் தனிச் செலவு வேண்டுமா?

விளக்கம்: வேண்டாம். மூன்று மீட்டருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டால் போக வர மொத்த ரெசிஸ்டன்ஸ் 0.07 ஓம் அளவில்தான். சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. ஒரு பக்கம் மாறினால் பேஸ் காணாமல் போய்க் குரல் நடுவில் நிற்காமல் சிதறும்.

சந்தேகம்: பேஸ் ஒரு சுரத்தில் மட்டும் ‘கும்’ என்று எழுகிறது. பெரிய ஆம்ப் போட்டால் சரியாகுமா?

விளக்கம்: அது அறை செய்யும் வேலை. பத்தடிச் சுவர்களுக்கு இடையே 56 ஹெர்ட்ஸில் ஒலி தேங்கி நிற்கும். பேஸ் கிடாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி என்றால் மூன்றும் ஒரே இடத்தில் குவிகின்றன. எந்த ஆம்பாலும் இதைத் தீர்க்க முடியாது. நாற்காலியை அறையின் நட்டநடுவிலிருந்து நகர்த்துங்கள், ஸ்பீக்கரை மூலையிலிருந்து விலக்குங்கள். மூலைகளில் கனமான ராக்வூல் அடைத்த சட்டங்களை நிறுத்துங்கள். சுவரில் ஒட்டும் மெல்லிய ஃபோம், முட்டை அட்டை எதுவும் பேஸைத் தொடாது.

சந்தேகம்: இரவில்தான் வேலை. வெளியே மார்க்கெட்டுக்கு லாரி வந்து லோடு இறங்கும் சத்தம். அதை அமுக்க வால்யூமைக் கூட்டுகிறேன், பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள்.

விளக்கம்: அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல், வணிகப் பகுதிக்கு 55 டெசிபல்தான் வரம்பு. ஸ்ரீரங்கத்தின் பழைய தெருக்களில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். உங்கள் பேஸ் அவர்கள் கட்டில்வரை போகும். ஸ்பீக்கரைச் சுவர் அலமாரியில் வைக்காமல், அடியில் கனமான ரப்பர் வைத்துத் தனி ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.

லாரிச் சத்தத்தோடு போட்டி போட்டு மிக்ஸிங் செய்தால் காது களைத்து, பேஸும் ட்ரெபிளும் எவ்வளவு என்ற தீர்ப்பே தவறிப்போகும். எடிட்டிங், குரல் திருத்தம் போன்றவற்றை ஹெட்ஃபோனில் முடித்துவிட்டு, சந்தை அடங்கும் நேரத்தை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள். செல்போனில் ஒலி அளக்கும் செயலி இருக்கும். துல்லியம் குறைவுதான், இதற்குப் போதும். பிங்க் நாய்ஸை ஓடவிட்டு 76 டெசிபல் காட்டும் இடத்தில் வால்யூம் குமிழுக்குப் பக்கத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். தினமும் அதே குறியில் வைத்துக் கேட்டால் காதுக்கு ஓர் அளவு படிந்துவிடும்.

சந்தேகம்: எதை முதலில் ஆன் செய்வது?

விளக்கம்: கம்ப்யூட்டர், இன்டர்ஃபேஸ், கடைசியில் ஆம்ப். அணைக்கும்போது ஆம்ப் முதலில். வரிசை மாறினால் வரும் ‘டொம்’ சத்தம் ஒவ்வொரு முறையும் வூஃபரைத் தள்ளிப் பார்க்கிறது. புரொட்டெக்‌ஷன் ரிலே உள்ள ஆம்பில் சில விநாடி கழித்து ‘டிக்’ என்று கேட்ட பிறகே ஒலி வரும். அது பழுதல்ல, அதற்காகக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.