வெடிக்கும் விழிக்காத குட்டி

ஆகஸ்ட் 29 மாலை வேளாங்கண்ணியில் கொடி ஏறுகிறது. வாணவேடிக்கை தொடங்கியதும் சுற்றுப்பட்டு ஊர் நாய்களெல்லாம் திண்ணைக்கடியில் பதுங்கிக்கொள்ளும். அந்தச் சத்தத்திலும் கால் நீட்டித் தூங்கும் வெள்ளை ராஜபாளையம் குட்டியை 'பயமே தெரியாத ஜாதி' என்று மெச்சத் தோன்றும். மெச்சுவதற்கு முன் அதன் காதைச் சோதிக்க வேண்டும்.

2005-இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த நம் நாட்டு நாய் இனங்களில் ராஜபாளையமும் ஒன்று. தோப்புக்கும் இறால் குட்டைக்கும் காவலுக்கு ஏற்ற நாய். பால்வெள்ளை உடம்பும் ரோஸ் நிற மூக்கும் இருந்தால்தான் மதிப்பு என்று ஆகிவிட்டது. காது கேளாமையும் அந்த வெள்ளையோடு சேர்ந்தே வருகிறது.

தோலுக்கு நிறம் தரும் செல்கள் உட்காதிலும் உண்டு. நத்தைக்கூடு போல் சுருண்டிருக்கும் கேட்கும் உறுப்பின் சுவரில் இருந்துகொண்டு, ஒலியை உணரும் செல்களை அவைதான் உயிரோடு வைத்திருக்கின்றன. நிறச்செல் இல்லாத காதில் பிறந்து மூன்று, நான்கு வாரத்துக்குள் அந்த உணர்செல்கள் மடிந்துவிடும். அதற்கு மருந்து கிடையாது.

இரண்டு காதும் போன குட்டியை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஐந்து வாரம் தாண்டியதும் கூடப் பிறந்தவற்றிடமிருந்து தனியே பிரித்துத் தூங்க வையுங்கள். மற்ற குட்டிகள் எழுந்தால் இதுவும் எழுந்துவிடும். பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கை தட்டினால் காற்று படும், காலை உதைத்தால் தரை அதிரும். செவிட்டுக் குட்டி அதற்கே விழித்துக்கொள்ளும்.

எனக்குப் பெரிய கவலை ஒற்றைக் காது கேட்கும் நாயைப் பற்றித்தான். கூப்பிட்டால் வரும், குரைக்கும், காவல் காக்கும். குறை இருப்பதே தெரியாமல் அதை இனச்சேர்க்கைக்கு விடுகிறோம். பிறந்த குழந்தைகளுக்குச் செய்யும் 'பெரா' சோதனை போன்ற ஒன்று நாய்க்கும் உண்டு: தலைத்தோலில் மெல்லிய ஊசி மின்முனைகள், ஒவ்வொரு காதிலும் தனித்தனியே 'டிக் டிக்' ஒலி, மூளையின் பதில் கணினித் திரையில். சில நிமிட வேலை. ஒற்றைக் காதுக் குறையை உறுதியாகச் சொல்ல இதை விட்டால் வழியில்லை. அமெரிக்க டால்மேஷியன் நாய்களை இப்படிச் சோதித்தபோது சுமார் 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரண்டுமோ கேட்கவில்லை.

நாய் வளர்ப்போர், விற்போருக்கான 2017 மத்திய விதிகள்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ஆகவே சோதனைக்கு அவகாசம் இருக்கிறது. வாங்கப் போகிறவர்கள் தாய், தகப்பன் இரண்டுக்கும் காது பார்த்தார்களா என்று கேட்க வேண்டும்; மழுப்பினால் முன்பணம் கொடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய், எங்கே சோதிக்கலாம் என்று விசாரியுங்கள்.

செவிட்டுக் குட்டி ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதா? துரத்திவிடாதீர்கள். கைச்சைகையை நன்றாகக் கற்றுக்கொள்ளும். ரோட்டுப் பக்கம் மட்டும் கயிறில்லாமல் விடக் கூடாது. தூங்கும்போது தொட்டு எழுப்பினால் திடுக்கிட்டுக் கடித்துவிடும். பக்கத்தில் தரையை மெல்லத் தட்டுங்கள், அதுவாகவே தலையைத் தூக்கிப் பார்க்கும்.