இரட்டையோட விசைப்படகை இல்லத்திற் புதுக்குதல்

ஆங்கிலேயர் தமிழிலிருந்து கடன்கொண்ட சொற்கள் சில. அவற்றுள் 'கற்றமரான்' என்பது உலகெங்கும் பரவிய பெருமையுடையது. அது நம் கட்டுமரமே. வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி 1697-இல் வெளியிட்ட தமது உலகப் பயண நூலிற் சோழமண்டலக் கரையின் மிதவைகளைக் கூறுமிடத்து அச்சொல்லை எடுத்தாண்டுள்ளார். எனினும், சொல் கடல் கடந்தபோது பொருள் வேறாயிற்று. நம் கட்டுமரம் மரங்களை நெருங்க அடுக்கிக் கயிற்றாற் பிணித்தது, இடையில் வெளியில்லை. இரண்டு ஓடங்களை இடைவெளிவிட்டு நிறுத்திக் குறுக்கே இணைக்கும் முறையோ பசுபிக் தீவினர் கண்டது. முன்னதன் பெயரை ஐரோப்பியர் பின்னதற்குச் சூட்டிவிட்டனர். 1876-இல் நத்தானியல் ஹெரஷோவ் என்னும் அமெரிக்கர் கட்டிய 'அமரில்லிஸ்' என்ற இரட்டையோடம் நியூயோர்க்கில் நடந்த போட்டியில் ஏனைய பாய்ப்படகுகளை வென்றது. வென்ற பின்னர், அது போட்டிக்குரிய படகன்று என விலக்கப்பட்டது. வேகம் மிகுந்ததே அதன் குற்றம் போலும்.

பாய்க்குப் பயன்பட்ட இவ்வமைப்பு பின்னர் இயந்திரத்துக்கும் பயன்பட்டது. 1960-களில் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் அஞ்சலோ மொலினாரி என்பார் இத்தகைய பந்தய விசைப்படகுகளைக் கட்டிப் புகழ்பெற்றார். 1981-இல் விசைப்படகுகளுக்கான முதற்றர உலகப் போட்டி தொடங்கியபோது அவ்வாண்டின் வாகையைச் சூடியவர் அவர் மைந்தர் ரெனாற்றோ. பந்தயங்களுக்கும் உல்லாச ஓட்டங்களுக்குமாகக் கட்டப்பெற்ற இவ்வகைப் படகுகள் ஆண்டுகள் கழிந்தபின் குறைந்த விலைக்குக் கைமாறின. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் அவற்றை வாங்கித் தம் வீட்டு மோட்டார்க் கொட்டகையில் வைத்துத் தாமே புதுக்குவோர் பலர். அப்பணி எத்தகையது, எங்கே எளிது, எங்கே உயிரோடு விளையாடுவது என்பன ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் இப்படகு ஓடும் விதத்தை அறிதல் வேண்டும். இரண்டு ஒடுங்கிய ஓடங்களுக்கிடையே மேல்மூடிய ஓர் இடைவழி உண்டு. படகு விரையும்போது முன்னின்று புகும் காற்று அவ்விடைவழியில் நெருக்குண்டு படகைத் தாங்குகின்றது. மணிக்கு 50 மைல் வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் சதுர அடிக்கு 6 இறாத்தலுக்குச் சற்று மேற்பட்டது. வேகம் 100 மைலாக இரட்டித்தால் அழுத்தம் இரட்டிப்பதில்லை. நான்கு மடங்காகி 25 இறாத்தலைக் கடக்கின்றது. இடைவழி 4 அடி அகலமும் 10 அடி நீளமும் உடையதெனக் கொண்டு, அவ்வழுத்தத்தில் பாதியே பயன்படுமெனக் கணித்தாலும், ஏறத்தாழ 500 இறாத்தல் எடையைக் காற்றே சுமக்கின்றது. நீர் காற்றினும் ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. ஆகவே, ஓடங்கள் நீரிலிருந்து எவ்வளவுக்கு எழுகின்றனவோ அவ்வளவுக்குத் தடை குறைந்து வேகம் மிகும்.

இவ்வுதவியே ஆபத்துமாகும். அணியம் சிறிது உயர்ந்தால் இடைவழியிற் புகும் காற்றின் தாக்கம் மிகும். தாக்கம் மிகின் அணியம் இன்னும் உயரும். காற்றின் தாங்குவிசை படகின் புவியீர்ப்பு மையத்துக்கு மிக முன்னே விழுமாயின் படகு நீரைவிட்டுப் பின்னோக்கிக் கவிழும். டொனால்ட் கம்பெலின் 'புளூபேர்ட்' இரட்டையோடமன்று. மூன்று இடங்களில் நீரைத் தொட்டு ஓடும் வேறு வகையினது. ஆயினும் அதன் கதை இவ்விடத்துக்குப் பொருந்தும். 1966-இல் அதற்குப் பழைய இயந்திரத்தினும் வலிய தாரை இயந்திரம் பொருத்தப்பட்டது. 1967 சனவரி 4-ஆம் நாள் இங்கிலாந்தின் கொனிஸ்ரன் ஏரியில், மணிக்கு 300 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில், அணியம் எழுந்து அப்படகு கவிழ்ந்தது. கம்பெல் உயிரிழந்தார். 2001-இல் ஏரியின் அடியிலிருந்து எடுக்கப்பட்ட சிதைவுகளைத் தைன் ஆற்றுப் பகுதித் தொண்டர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் புதுக்கினர். 2018-இல் ஸ்கொத்லாந்தின் ஏரியொன்றில் அது மீண்டும் ஓடியது. அவர்கள் அதனைப் பழைய வேகத்துக்கு உந்த முயலவில்லை என்பது கருதத்தக்கது.

இனிப் புதுக்கும் பணிக்கு வருவோம். பைபர் என வழங்கும் கண்ணாடியிழைத் தோல்கள் இரண்டு; அவற்றிடையே ஒட்டுப்பலகையோ பால்சா மரமோ வைத்து ஒட்டிய சுவர்; பெரும்பாலான பழைய விசைப்படகுகளின் உடல் இவ்வாறு அமைந்ததே. எக்குவடோர் நாட்டில் மிகுதியாக விளையும் பால்சா தக்கைபோல் நொய்யது. அதனைச் சிறு கட்டைகளாக அறுத்துப் பரப்புவர். கட்டைகளின் இடுக்குகள் பிசினால் நிரப்பப்படாதிருப்பின், ஓர் ஆணித் துளையால் நுழைந்த நீர் இடுக்குவழியே நெடுந்தூரம் செல்லும். கரையேறிய கட்டுமரத்தை நம் மீனவர் கட்டவிழ்த்து மரங்களை மணலில் வெயிலுக்கு இடுவர். நீர் ஊறிய மரம் கனக்கும், கனத்த மரம் மிதவாது என்பது அவர் அறிந்தது. மேனாட்டுப் படகின் நடுவிலுள்ளதும் நொய்ய மரமே. அதன் பகையும் நீரே. ஆனால் அதனைக் கட்டவிழ்க்கும் வழியில்லை. வெளித்தோல் பளபளத்திருக்க உள்மரம் சேறாகியிருத்தல் கூடும்.

எனவே, நிறம் தீட்டுதல் முதலிய கண்கவர் வேலைகளைப் பின்தள்ளி, சிறு சுத்தியலாற் படகெங்கும் தட்டிப் பார்த்தலே முதல் வேலை. நல்ல இடம் கணீரென ஒலிக்கும். ஊறிய இடம் மந்தமாக ஒலிக்கும். ஐயமுற்ற இடத்தில் உட்புறத்திலிருந்து சிறு துளையிட்டு, வெளிவரும் மரத்தூளை விரலால் நசுக்கிப் பார்ப்பர். பிற்பலகையையும் நெடுக்குச் சட்டங்களையும் மிக நுணுகி நோக்குதல் வேண்டும். வெளியிணைப்பு இயந்திரத்தின் எடை முழுதும் பிற்பலகையிலே தொங்குகின்றது. அதன் உந்துவிசையோ தாழ்வில் பிறந்து, பலகையின் அடியை முன்னே தள்ளி மேல்விளிம்பைப் பின்னே இழுக்கின்றது. உளுத்த பிற்பலகையில் வலிய இயந்திரத்தைப் பூட்டுபவர் அவ்வியந்திரத்தை ஏரிக்குத் தானம் செய்பவரேயாவர்.

உளுத்த மரத்தை அகற்றுமுன் படகைத் தாங்கு சட்டங்களில் மட்டம் பார்த்து இருத்தல் இன்றியமையாதது. உள்மரம் நீக்கப்பட்ட தோல் துணிபோல் வளைவது. வளைந்த நிலையிற் புதுமரத்தை ஒட்டினால் அவ்வளைவு என்றும் நீங்காது. இரண்டு ஓடங்களும் இணையாக உள்ளனவா என மூலைக்கு மூலை நூல் பிடித்து அளப்பர். ஓடங்களின் அடியில், பின்முனையை அடுத்த நாலைந்து அடி நீளத்தை நேர்ச்சட்டம் வைத்துச் சோதிப்பர். அங்கே பள்ளமிருப்பின் ஓடும்போது அணியம் தாழும். புடைப்பிருப்பின் அணியம் எழுந்து எழுந்து விழும். மிகச் சிறிய கோணலும் நூறு மைல் வேகத்திற் பெரும்பிழையாகும். இவ்வளவைக்குச் செலவிடும் ஒரு நாள் பின்னர்ப் பல நாள்களை மீட்டுத்தரும்.

பழைய தோலோடு புதுத்தோலை இணைக்கும் இடத்தைச் சரிவாகத் தேய்த்தல் வேண்டும். கால் அங்குலத் தடிப்புக்கு மூன்று அங்குலச் சரிவு, அதாவது பன்னிரண்டுக்கு ஒன்று, நல்ல அளவு. தேய்க்கும்போது எழும் கண்ணாடித்தூள் நுரையீரலுக்குத் தீங்கானது. மூச்சுக்கவசமும் கண்ணாடியும் இன்றி அவ்வேலையைத் தொடலாகாது. பிசின்களுள் பொலியெஸ்ரர் மலிவு, எப்பொக்சி விலைமிக்கது. ஆயின், முன்னரே இறுகிய பழைய பரப்பைப் பற்றிக்கொள்ளும் ஆற்றலில் எப்பொக்சியே சிறந்தது. புதுக்கும் பணி முழுவதும் பழையதிற் புதியதை ஒட்டுவதேயாதலின் இதிற் சிக்கனம் பார்த்தல் தகாது. பொலியெஸ்ரருக்கு நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு வினையூக்கி சேர்ப்பர். அது கண்ணிற் பட்டாற் பார்வையைக் கெடுக்கும். எப்பொக்சியின் இரு கூறுகளும் குறித்த விகிதத்திலேயே கலக்க வேண்டியன. விரைவில் இறுகட்டும் என்று இறுக்கியைக் கூட்டினால், கூட்டிய பகுதி பிணையின்றி எஞ்ச, பிசின் என்றும் மென்மையாகவே கிடக்கும். பொலியெஸ்ரரிற் பழகிய கை செய்யும் தவறு இது.

இழைத்துணியை நனைக்கப் போதிய பிசினே வேண்டுவது. மிகுந்த பிசின் வலிமை தராது, எடையே தரும். அதனை வெளியேற்ற, ஒட்டிய பரப்பின்மேல் பிளாஸ்திக் தாளைக் காற்றுப் புகாமல் ஒட்டி, சிறு பம்பியால் உட்காற்றை இழுப்பர். பாதிக் காற்று நீங்கினாலே வெளிக்காற்று சதுர அடிக்கு ஏறக்குறைய 1,000 இறாத்தல் எடையுடன் சீராக அழுத்தும். கல்லையும் மணல்மூட்டையையும் ஏற்றி இவ்வழுத்தத்தைப் பெற நினைப்பவர் படகை உடைத்துக்கொள்வர்.

பாய்க்கப்பலுக்குப் பாய், பருமல், கயிறு என்பவற்றைப் பூட்டுதலை ஆங்கிலேயர் எச்சொல்லாற் குறிப்பரோ அச்சொல்லாலேயே விசைப்படகுக்கு இயந்திரம், சுக்கான் குழாய், மின்கம்பி முதலியன பூட்டுதலையும் குறிப்பர். இதில் எத்துளையையும் வெறுமனே இடலாகாது. மரையாணிக்கு வேண்டியதினும் அகன்ற துளையிட்டு, அதனை எப்பொக்சியால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவே உரிய துளையை இடுவர். அப்பொழுது ஆணியைச் சூழப் பிசினே இருக்கும். நீர் மரத்தை எட்டாது. எரிபொருட் கலம் புவியீர்ப்பு மையத்தை அடுத்திருத்தல் நன்று. பெற்றோல் குறையக் குறையப் படகின் சமநிலை மாறாதிருக்கும். பழைய இயந்திரத்துக்குப் பதிலாக எடைமிக்க புதியதைப் பிற்பலகையிற் பூட்டுவோர் புவியீர்ப்பு மையத்தைப் பின்னுக்கு இழுக்கின்றனர் என்பதை மறத்தலாகாது. முன்னர்க் கூறிய கவிழ்ச்சிக்கு அதுவே நேர்வழி. பற்றரியை முன்னே நகர்த்தி ஓரளவு ஈடுசெய்யலாம்.

சுக்கானில் தளர்ச்சி சிறிதும் இருத்தலாகாது. இரு கைகளும் சக்கரத்திலேயே இருக்குமாறு விசையைக் காலால் மிதித்து ஆளும் அமைப்பை வைப்பர். ஓட்டுபவரின் உடலோடு பிணைத்த கயிறு ஒன்று, அவர் தூக்கியெறியப்பட்டால் இயந்திரத்தை உடனே நிறுத்திவிடும். பந்தயப் படகுகளில் 1980-களின் நடுப்பகுதியிலிருந்து ஓட்டுநரைச் சூழ்ந்த வலிய பாதுகாப்புக் கூண்டும் வழக்காயிற்று. பழைய படகுகள் பலவற்றில் அஃதில்லை.

இயந்திரத்தின் உயரம் தனிக்கலை. அதனை உயர்த்த உயர்த்த நீருள் இழுபடும் பகுதி குறைந்து வேகம் கூடும். மிகையாக உயர்த்தினாற் குளிர்நீர் புகும் துளைகள் காற்றை உறிஞ்ச, இயந்திரம் வெந்துபோகும். ஆதலின் குளிர்நீரழுத்த மானியொன்றை வைத்துக்கொண்டு, முறைக்குக் கால் அங்குலமாகவே உயர்த்திப் பார்ப்பர். சுழல்விசிறியின் தகுதியைக் கணக்கால் அறியலாம். இயந்திரம் நிமிடத்துக்கு 6,000 முறை சுழல, பற்சக்கரம் அதனைப் பாதியாக்கினால் விசிறி 3,000 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு 28 அங்குலம் முன்னேற வேண்டிய விசிறியாயின் நிமிடத்துக்கு 7,000 அடி, மணிக்கு ஏறக்குறைய 80 மைல் செல்லல் வேண்டும். படகு உண்மையில் 72 மைலே சென்றால் நூற்றுக்குப் பத்து வழுக்கலில் இழக்கப்படுகின்றது.

சோதனையோட்டத்துக்குக் காற்றடங்கிய காலைவேளையே உகந்தது. தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் அணிந்து, துணைப்படகொன்று அருகே நிற்க, முதல் நாள் பாதி வேகத்தைக் கடவாது ஓட்டுவர். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரே ஒரு மாற்றம். சுழற்சி, வேகம், நீரழுத்தம் மூன்றையும் ஏட்டிற் குறித்தல். படகு கரையேறியதும் பிற்பலகையின் அடியிலுள்ள அடைப்பைக் கழற்றி, உள்ளிருந்து வரும் நீரைச் சிறு பாத்திரத்தில் ஏந்தி அளந்து, அதனையும் அவ்வேட்டிற் குறித்துக்கொள்வர். அடுத்த ஓட்டத்தில் அவ்வளவு கூடுமாயின், சுத்தியலை மறுபடியும் கையில் எடுக்க வேண்டியதுதான்.